கதவும் கொண்டியும்

வீட்டைப் பற்றி எழுதுவோர் சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் எழுதுவர். சிலர் வாசலைப் பற்றியும் எழுதுவர். கதவின் ஓரத்தில் இரண்டு திருகாணிகளின் பிடியில் தொங்கிக்கொண்டிருக்கும் கொண்டியைப் பற்றி எவரும் எழுதக் காணோம். பெயர்களுக்கு மட்டும் தமிழில் குறைவில்லை. தாழ், தாழ்ப்பாள், நாதாங்கி, கொண்டி என வேலைக்கொரு சொல்லை நம் முன்னோர் வைத்திருக்கின்றனர். அன்புடைமையைப் பேச வந்த வள்ளுவரும் தாழையே துணைக்கு அழைத்தார். அத்தகைய ஒரு பொருள் நம் கவனத்திலிருந்து நழுவிப்போனதற்குக் காரணம் அதன் இயல்புதான் போலும். கொண்டி ஒழுங்காக வேலை செய்யும்வரை அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

நான் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகள். ஹட்டன் நகரத்தின் ஓரத்தில், தகரக் கூரையின்கீழ் அமைந்த சிறு பட்டறை ஒன்றில் அப்பா வேலை செய்கின்றார். நகரத்தார் அவரைப் 'பாஸ்' என்றே அழைப்பர். கதவு, யன்னல், கட்டில் எனத் தொடங்கிய அவருடைய தொழில், கடந்த பல ஆண்டுகளாகப் பாண் வண்டிகளை நம்பியே நடந்து வந்திருக்கின்றது. முச்சக்கர வண்டியின் பின்புறத்தில் கண்ணாடிக் கதவுகளுடன் ஒரு பெட்டியைப் பொருத்தி, பேத்தோவனின் மெட்டொன்றை ஒலிக்கவிட்டபடி லயத்துக்கு லயம் பாணும் பணிசும் விற்றுச் செல்வார்களே, அந்த வண்டிகளைத்தான் சொல்கின்றேன். அந்தப் பெட்டிகளுக்குக் கதவு செய்வதைவிடக் கொண்டி பொருத்துவதே கடினம் என்று அப்பா கூறுவார். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் எனப் பெற்றோல் பங்கிடப்பட்ட காலத்தில் பாண் வண்டிகள் பல ஓய்ந்தன. அப்பாவின் வேலையும் ஓய்ந்தது. அதன்பின் உல்லாசப் பயணிகள் மீண்டும் வரத் தொடங்கியதும் அவரைத் தேடி வந்தது வேறொரு வகையான வண்டி.

சென்ற விடுமுறையில் பேராதனையிலிருந்து நான் வீடு திரும்பியபோது, பட்டறை வாசலில் பழைய டொயோட்டா வான் ஒன்று நின்றிருந்தது. நம் நாட்டில் 'டொல்பின்' என்று செல்லப்பெயர் பெற்ற வகை அது. அதன் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு கட்டிலும் அடுப்பும் கைகழுவும் தொட்டியும் அமைத்து, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது அதன் சொந்தக்காரரின் எண்ணம். வண்டியிலேயே உறங்கி, வண்டியிலேயே சமைத்து, விரும்பிய மலையடிவாரத்தில் விடியலைக் காண விழைவோர்க்கான வீடு அது. இவ்விருப்பம் புதியதன்று. 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொத்லாந்து மருத்துவர் 'வாண்டரர்' எனும் பெயரில் குதிரைகள் இழுக்கும் உல்லாச வீடொன்றைப் பிரிஸ்டல் நகரில் செய்வித்துப் பயணம் புறப்பட்டார். 1951 முதல் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனத்தார் வோக்ஸ்வாகன் வான்களுக்குள் அலுமாரிகளையும் படுக்கையையும் அமைத்து விற்றனர். அந்த ஆசையே இன்று எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறி வந்துள்ளது.

வானின் உள்ளே அலுமாரிகள் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தன. வேறோரிடத்தில் அழகாகவே செய்திருந்தனர். கதவுகளுக்கு மட்டும் வீட்டு அலுமாரிகளுக்குப் பூட்டும் சிறு காந்தங்களைப் பொருத்தியிருந்தனர். முதற் பயணத்தில், தலவாக்கலைக்குச் சற்று முன்னுள்ள வளைவொன்றில் கதவுகள் தாமாகத் திறந்து, பீங்கான் தட்டுகள் அத்தனையும் கீழே விழுந்து நொறுங்கினவாம். "தெருவில் ஒரு கதவும் திறக்கக்கூடாது பாஸ்" என்பதே சொந்தக்காரர் விடுத்த ஒரே வேண்டுகோள். மேலே ஆறு, கீழே ஆறு, அடுப்பின் பக்கத்தில் இரண்டு எனப் பதினான்கு கதவுகள். அவற்றோடு மூன்று லாச்சிகள். பன்னிரண்டு நாட்கள் அப்பாவுக்குக் கையாளாக நின்று இவ்வேலையை நான் அருகிருந்து பார்த்தேன்.

நிற்கும் வீட்டின் அலுமாரிக்குக் கதவு காற்றில் ஆடாதிருந்தால் போதும். ஓடும் வீட்டின் அலுமாரி அப்படியன்று. வளைவில் வண்டி திரும்பும். அலுமாரிக்குள் இருக்கும் கோப்பையோ தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போகப் பார்க்கும். ஆதலால் வண்டி வலப்புறம் திரும்பும்போது வலப்பக்க அலுமாரியின் பொருள்கள் யாவும் தம் கதவின்மீது சாய்கின்றன. இடப்புறம் திரும்பும்போது இடப்பக்கத்தின் முறை. தடையை அழுத்தினால் முன்னோக்கிய கதவுகளுக்கு ஆபத்து. பள்ளத்தில் இறங்கினால் எல்லாவற்றுக்கும் ஆபத்து. காந்தத்தின் பலமெல்லாம் ஒட்டியிருக்கும்வரைதான். மயிரிழை இடைவெளி விழுந்துவிட்டால் அப்பலம் மளமளவெனக் குறைந்துவிடும். ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ-7 பாதையில், 4,000 அடி உயரத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் ஏறும்வரை, நேராக ஓடும் துண்டுகளைத் தேடித்தான் காணவேண்டும். அப்பாதையில் இழுவையை நம்பும் பிடி நிலைக்காது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து தடுக்கும் பிடியே நிலைக்கும்.

ஆகவே அப்பா காந்தங்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, மேற்கதவுகளுக்கு அழுத்துக் குமிழ்களை எடுத்துக்கொண்டார். குமிழை ஒருமுறை அழுத்தினால் அது வெளியே வந்து பிடியாகும். மறுமுறை அழுத்தினால் உள்ளே அமிழ்ந்து, அதன் நாக்கு சட்டத்துக்குப் பின்னே சென்று மாட்டிக்கொள்ளும். எந்தக் கதவு பூட்டியிருக்கின்றது என்பதை ஓட்டுநர் புறப்படுமுன் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. சட்டியும் பானையும் வைக்கும் கீழ்க்கதவுகள் உயரமானவை. நடுவில் மட்டும் பிடித்தால் அத்தகைய கதவின் முனைகள் வளைந்து பிதுங்கும். அவற்றுக்கு மேலொன்று கீழொன்றாகப் பித்தளைத் தாழ்ப்பாள்களைப் பொருத்தினார். லாச்சிகளுக்கு இரும்பே தேவைப்படவில்லை. அடிப்பலகையில் ஒரு பள்ளம் வெட்டி, சட்டத்தின் விளிம்பில் அமர வைத்தார். சற்றே தூக்கி இழுத்தால்தான் லாச்சி வரும். வண்டி எத்தனை குலுங்கினாலும் தானாக வராது. கப்பல் தச்சர்களின் பழைய உபாயம் இது.

கொண்டி எங்கே அமையவேண்டும் என்பதைக் கண்ணால் அளந்தால் போதாது. நாக்கின் முனையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கதவை மெல்லச் சாத்துவார். எதிர்ச்சட்டத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அங்கேதான் நாதாங்கி. திருகாணிக்கு முன்பாக அதனினும் மெல்லிய துளையொன்றை இடுவார். இல்லையேல் ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். பாரம் தாங்கும் இடங்களில் திருகாணியையே நம்பாமல், பலகையை ஊடுருவும் போல்ட்டைச் செலுத்தி, பின்புறம் அகன்ற வாஷர் வைத்து நட்டை முடுக்குவார். காரணம் கேட்டேன். "ஆணி புடிக்கிறது பலகைய, கொண்டி புடிக்கிறது கதவ. பலகையே கைய விட்டுட்டா கொண்டி என்னா செய்யும் மக?" என்றார்.

மலைநாட்டின் ஈரத்தையும் அவர் கணக்கில் எடுத்தார். வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை ஹட்டனையும் மஸ்கெலியாவையும் நனைத்துக்கொண்டே இருக்கும். மரம் பருக்கும், கோடையில் சரியாகச் சாத்திய கதவு மழையில் இறுகும். ஆகையால் ஒவ்வொரு கதவைச் சுற்றியும் ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, பலகையின் வெட்டுமுகங்களுக்கு இருமுறை வார்னிஷ் பூசினார். அவ்விடைவெளியில் கதவு கடகடக்காதிருக்கப் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து உள்விளிம்பில் ஒட்டினார். கடகடக்கும் கொண்டி தன்னைத் தானே தேய்த்துக்கொள்ளும் என்பது அவர் பாடம். இறுதியில் அலுமாரிகளுக்குள் அரிசிப் பைகளையும் கருங்கற்களையும் நிரப்பி, சொந்தக்காரர் ஓட்ட, நானும் அப்பாவும் பின்னால் அமர்ந்து நானுஓயாவரை போய் வந்தோம். வழியிற் தெரிந்த டெவன் நீர்வீழ்ச்சியை அப்பா திரும்பியும் பார்க்கவில்லை. கதவுகளின்மேல் காதை வைத்திருந்தார். ஒன்றும் திறக்கவில்லை.

அவ்வண்டியின் உட்புறம் ஏறத்தாழ ஐம்பது சதுர அடி இருக்கும். அதில் இருவர் சில நாட்கள் தங்குவதற்காகப் பதினான்கு கதவுகளும் அவற்றுக்கு இருபது பிடிகளும். நான் பிறந்து வளர்ந்த லயக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. அதில் அறுவர் வாழ்ந்தோம். அதிலிருந்த கதவுகள் இரண்டு. அலுமாரி எனப்பட்டது ஸ்டோரிலிருந்து கழித்து வந்த தேயிலைப் பெட்டி. ஓரங்களில் தகரம் அடித்த அந்த ஒட்டுப்பலகைப் பெட்டியைப் பக்கவாட்டிற் சாய்த்து, செருப்புத் தோலில் பிணைச்சல் வெட்டி, அப்பா ஒரு கதவு மாட்டியிருந்தார். கடதாசிப் பைகளில் தேயிலை கட்டும் காலம் வந்தபின் அப்பெட்டிகளும் அரிதாகிவிட்டன.

நல்ல தச்சரின் வீட்டில் நல்ல அலுமாரி ஏன் இல்லை என்று கேட்போர்க்கு என் அப்பாயியின் கதையைத்தான் சொல்லவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட இலட்சக்கணக்கானோரில் என் பாட்டனாரின் குடும்பமும் ஒன்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாட்டனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அவருடைய தம்பி குடும்பத்துக்கு முதலில் அழைப்பு வந்தது. அவர்கள் ரயிலேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தனர். பாட்டனாரின் அழைப்பு வரவேயில்லை. 1984இல் கப்பலும் நின்றது.

அக்காலம் முழுவதும் அப்பாயி குடும்பத்தின் துணிமணிகளை ஒரு டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருந்தார். காலையில் எடுத்து, மாலையில் மடித்து, கொண்டியைப் போட்டு வைப்பார். ஓயாது திறந்து மூடியதில் கொண்டி கழன்றது. சிறுவனாயிருந்த அப்பா கம்பி வளைத்து அதைச் சரிசெய்தார். அவர் வாழ்வில் பொருத்திய முதற் கொண்டி அதுதான். பின்னர் தொழில் கற்றுத் தேறி, அலுமாரி ஒன்று செய்து தருவதாகச் சொன்னபோது அப்பாயி சம்மதிக்கவில்லை. "போகச் சொன்னா பொட்டியத் தூக்கலாம். அலுமாரியத் தூக்க முடியுமா?" என்றாராம். நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்க வழிசெய்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரும் அப்பெட்டி அவர் கட்டிலின் கீழேதான் இருந்தது. வீடு அசையவில்லை, அதில் இருந்தவர்களே அசையத் தயாராக இருந்தார்கள். வானுக்குள் தட்டுகளை அடுக்கிக் கொண்டி போட்டுப் பார்க்கையில், விரும்பிப் புறப்படுவோர்க்கும் பிறர் சொல்லப் புறப்படுவோர்க்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணிப் பார்த்தேன்.

இனி, எழுதலாமா என்று பலமுறை தயங்கிய ஒன்றை எழுதுகின்றேன். எங்கள் லயத்துக்குப் பொதுவான மலசலகூடங்கள் ஐந்து. அவற்றுக்குக் கதவுகள் இருந்தன. உட்புறம் தாழ்ப்பாள் இல்லை. எப்போதோ இருந்து, துருப்பிடித்து விழுந்த துளைகள் மட்டும் தெரியும். பெண்கள் இருவர் இருவராகச் செல்வோம். ஒருத்தி உள்ளே போக, மற்றவள் வெளியே நின்று கதவைக் கையால் இழுத்துப் பிடித்திருப்பாள். மழையிலும் பிடித்திருப்பாள்; இருட்டிலும் பிடித்திருப்பாள். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் அடக்கிக்கொள்வோம். உயர்தரப் பரீட்சைக்கு விழித்திருந்து படித்த இரவுகளில் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வேன். இதை ஒரு குறையாக எங்களில் எவரும் உரக்கச் சொன்னதில்லை. நாட்டில் வறட்சியும் போரும் விலைவாசியும் இருக்கையில் தாழ்ப்பாளுக்காக யார் வாய் திறப்பது?

லயத்தில் ஒரு தச்சர் இருந்தும் இக்கதவுகள் இத்தனை காலம் ஏன் அப்படியே கிடந்தன என்று வாசகர் வினவலாம். நானும் வினவினேன். கதவு தோட்டத்தினுடையது, சுவரும் தோட்டத்தினுடையது. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் கேட்டுத்தான் அடிக்கவேண்டும் என்பது மூன்று தலைமுறையாய் ஊறிப்போன வழக்கம். அப்பா ஒருமுறை கேட்டார், பார்ப்போம் என்றார்கள். மறுமுறை எழுதிக் கொடுத்தார், பதில் இல்லை. மறுப்பும் இல்லாமல் அனுமதியும் இல்லாமல் காலம் கழிந்தது.

வான் வேலை முடிந்த கிழமை, கிராண்டிஸ் மரத்துண்டுகள் சில பட்டறையில் மிஞ்சின. நான் அவற்றை விரல் நீளத்துக்கு அறுத்துத் தரும்படி கேட்டேன். எதற்கென்று அப்பா கேட்கவில்லை. சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு வாளை எடுத்தார். ஞாயிறன்று காலை இருவரும் சென்று, ஐந்து கதவுச் சட்டங்களிலும் உட்புறத்தில் ஒவ்வொரு துண்டை ஒற்றைத் திருகாணியால் பொருத்தினோம். குறுக்கே திருப்பினால் கதவு திறவாது. நேரே திருப்பினால் திறக்கும். துருவேறும் இரும்பைவிட ஈரத்தில் இது நெடுநாள் நிற்கும். இரண்டு சட்டங்கள் அடியில் உக்கிப்போயிருந்ததால் அவற்றுக்குச் சற்று மேலே நல்ல மரத்தைத் தேடிப் பொருத்தவேண்டியிருந்தது. குழந்தைகளும் திருப்பும்படி சிறிது தளர்வாக விட்டார். வேலை முடிய ஒரு மணித்தியாலமும் செல்லவில்லை.

மறுநாள் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த கிழமை மேல் லயத்துப் பெண்கள் மூவர் அப்பாவிடம் வந்து, "அண்ணே, எங்க பக்கமும் ஒருக்கா வந்து பாருங்க" என்றனர். அப்பா போனார். அங்கே கொண்டிக்கு முன்பாகக் கதவே தேவைப்பட்டது. அது மரத்துண்டினால் தீரும் காரியமன்று. பலகைக்கும் பணத்துக்கும் இன்னும் அலைந்துகொண்டிருக்கின்றார்கள்.

மலையகத்தின் வீட்டுப் பிரச்சினையை நாம் எண்ணிக்கையாகவே பேசி வருகின்றோம். இந்திய உதவியுடன் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகள், ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி என்ற கணக்குகள் நம் எல்லார்க்கும் மனப்பாடம். இவை வேண்டிய கணக்குகளே. இன்னும் லயங்களில் இருப்போரை நினைக்கையில் போதாத கணக்குகள். ஆயினும் வீடு என்பது யாதென்று என்னைக் கேட்டால், தன் கதவில் தான் விரும்பிய இடத்தில், எவரையும் கேளாமல் ஒரு கொண்டியைப் பொருத்திக்கொள்ளக்கூடிய இடம் என்பேன். காணியுறுதி என்னும் பத்திரம் வழங்க வேண்டியதும் அந்த உரிமையைத்தான். அப்பத்திரம் கைக்கு வரும்வரை ஓர் இளம்பெண் மழையில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் உரிமை, சமத்துவம், மனித மாண்பு ஆகிய சொற்களை நாம் நாள்தோறும் படிக்கின்றோம். அவற்றின் பொருளை நான் மறுக்கவில்லை. மலையகத்திலிருந்து இங்கு வந்திருக்கும் மாணவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வேன். அடுத்த விடுமுறையில் வீடு செல்லும்போது, உங்கள் லயத்துக் கதவுகளை ஒருமுறை உட்புறமிருந்து சாத்திப் பாருங்கள். சாத்திய கதவு சாத்தியபடி நிற்கின்றதா என்று பாருங்கள். நிற்கவில்லையாயின், அதற்கு வேண்டியது ஒரு விரல் நீள மரமும் ஒரு திருகாணியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.